வாடைக் காற்றில் அம்மாவின் சைக்கிள்

என் ராசாவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன்னரே யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். உன் அம்மாவை வல்லை வெளியில் சைக்கிளோடு கண்டோம், முகம் வெளிறிப்போய் நின்றா, பக்கத்தில் ஒரு சனமும் இல்லை என்று ஆளுக்கொரு பிடி உப்புப் போட்டுச் சொல்லியிருப்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை என் வாயால் நீ அறியவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள் நீ "அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ" என்பாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் வைத்துவிடுவேன். பிறகு இரண்டு பேரும் அப்பாவைத் தூது விட்டுக்கொண்டு இருப்போம். கடிதத்தில் நீ என்னை மறிக்க முடியாது. ஒரு தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வந்து ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பிள்ளை. நான் சுகமாக இருக்கிறேன். நான் விழவில்லை. முழங்காலுக்குள் வைத்த புதுச் சாமான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு ஏசினார், அது வேறு கதை.

ஆடி மாதம் எனக்கு முழங்கால் மாற்றும்போது நீ கனடாவில் இருந்து லீவு போட்டுக்கொண்டு ஓடிவந்தாய். ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்று முன்வீட்டு ராணி படலையில் நின்று சொன்னபோது, "கால் வெட்டுறது என்ன நல்ல காரியமே அக்கா, அது ஆடியிலையும் செய்யலாம்" என்று நீ சொன்னதை நினைத்து நான் மயக்க ஊசி போடும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வார்ட்டுக்குள் உன்னை விடமாட்டார்கள் என்று வெளியே மர வாங்கிலேயே நாள் முழுவதும் குந்தியிருந்தாய். வீட்டுக்கு வந்த பிறகு என்னைக் குளியலறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், வெளியே நின்றுகொண்டு, நான் வழுக்கி விழவில்லை என்று அறிவதற்காக என்னைப் பாடச் சொன்னாய். நான் தேவாரம் பாடினேன், நீ வெளியே நின்று பிழை திருத்தினாய். உன்னைப் பெற்ற வயிறு குளிர்ந்து போயிருந்த நாட்கள் அவை. இதை நான் உன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் நீ திரும்பிப் போவதற்கு முதல் நாள் ஒரு வேலை செய்தாய். கொட்டிலுக்குள் ஏணி வைத்து, கயிறு போட்டு, என் சைக்கிளைக் கூரை வளையில் ஏற்றிக் கட்டித் தொங்கவிட்டாய். "இனி உது அங்கையே கிடக்கட்டும். அம்மா, நீங்கள் உதைத் தொடக்கூடாது. விழுந்தியளெண்டால் இன்னொருக்கா வெட்ட ஏலாது" என்றாய். நான் தலையை ஆட்டினேன். உன் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நேரம் நீ என்ன கேட்டிருந்தாலும் நான் தலையை ஆட்டித்தான் இருப்பேன்.

அந்தச் சைக்கிள் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீ அதைப் பின்னால் கரியரில் இருந்து பார்த்த பிள்ளை. ஹாண்டில் பக்கத்தில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி. நான் குடும்பநல மருத்துவிச்சியாக வேலை பார்த்த காலம் முழுவதும் உடுப்பிட்டி, நெல்லியடி, அதைச் சுற்றிய ஒழுங்கைகள் எல்லாம் என் கால்களால் அறிந்தவை. எந்த ஒழுங்கையில் மணல், எந்த வளைவில் நாய், எந்த வீட்டில் மாமியார்க்காரி பொல்லாதவள் என்றெல்லாம் சைக்கிளே அறியும். சந்தியில் இப்போது தாடி வைத்துக்கொண்டு நிற்கிற பெடியங்களில் பாதிப் பேரை நான் தராசில் தொங்கவிட்டு நிறுத்திருக்கிறேன். பெற்றோல் இல்லாத காலத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் ஒருநாளும் பிந்தவில்லை. பென்சன் எடுத்த பிறகும் விடிய எழும்பி ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். முழங்கால் தேய்ந்து, நோவெடுத்து, படி ஏற முடியாமல் போன பிறகும் சைக்கிளில் ஏறினால் எனக்கு நோ தெரியவில்லை. நடந்தால் நான் கிழவி. சைக்கிளில் போனால் நான் நான்தான்.

ஒப்பரேசனுக்குப் பிறகு என்ன பாடுபட்டேன் என்று உனக்கு முழுவதும் சொல்லவில்லை. பயிற்சி தருகிற பிள்ளை வந்து காலை மடக்கு மடக்கு என்பாள். கால் மடங்காது. கதவுப் பிணைச்சல் துருப்பிடித்த மாதிரி ஒரு இடத்தில் வந்து நிற்கும். அழுதிருக்கிறேன். அவளுக்கு முன்னால் இல்லை, அவள் போன பிறகு. ஒருநாள் அவள்தான் சொன்னாள், "அன்ரி, சைக்கிள் உழக்கினால் நல்லாய் மடங்கும். ஆனால் நிண்ட இடத்திலை." அப்பா கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பரை விட்டுத் தலையை எடுக்கவில்லை. அடுத்தநாள் நான் எழும்பி முற்றத்துக்கு வந்தால், சைக்கிள் ஸ்ராண்டில் நிற்கிறது. காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, தூசு துடைத்து நிற்கிறது. நான் அவரைப் பார்த்தேன்.

"வளை பாரம் தாங்காது போலை கிடந்தது. அதுதான் இறக்கினனான்" என்றார்.

வீடு கட்டிய நாளில் இருந்து அந்த வளை ஒரு வைக்கோற் போரையே தாங்கக்கூடியது என்று பெருமையடித்த மனிதன் அவர். ஸ்ராண்டில் விட்டால் பின்சில்லு நிலத்தில் முட்டாது, அந்தரத்தில் சுற்றும். ஆகவே நான் ஏறி இருந்து, அப்பா ஹாண்டிலுக்கு முன்னால் நின்று பிடிக்க, அசையாத சைக்கிளை உழக்கத் தொடங்கினேன். முழுச் சுற்று வரவில்லை. பெடல் பாதிக்குப் போய் நிற்கும், திரும்ப வரும். குழந்தைப்பிள்ளையின் தொட்டில் ஆட்டுவதுபோல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஐப்பசி மழையில் ஒருநாள், தாழ்வாரத்துக்குள் சைக்கிளை இழுத்து வைத்து ஆட்டிக்கொண்டிருந்தபோது, பெடல் பின்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. முன்பக்கமாக அல்ல, பின்பக்கமாகத்தான் முதலில் வந்தது. நான் கூக்குரல் வைத்தேன். ராணி ஏதோ பாம்பு என்று தடியோடு ஓடிவந்தாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, எங்கள் கலியாணப் படத்தில்கூட இல்லாத சிரிப்பு.

பிறகு முன்பக்கமும் வந்தது. பிறகு முற்றத்தில் ஒரு வட்டம். சீற்றைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் முழங்காலுக்குச் சுகம், ஆனால் உயர்த்தினால் கால் நிலத்தில் எட்டாது. எட்டாவிட்டால் பயம். சுகம் வேண்டுமா, பயமின்மை வேண்டுமா என்று நானும் அப்பாவும் ஒரு கிழமை சீற்றை ஏற்றியும் இறக்கியும் வாக்குவாதப்பட்டோம். கடைசியில் உயர்த்தி வைத்தோம். மார்கழி பிறக்கும்போது ஒழுங்கை முகப்புவரை போனேன். பிறகு சந்திவரை. சந்திப் பெடியங்கள், "மிஸி திரும்ப டியூட்டிக்கு வந்திட்டா" என்று கை தட்டினார்கள். மிஸி என்பது எனக்கு அவர்கள் வைத்த பெயர். மருந்துப் பையும் இல்லை, வேலையும் இல்லை, இருந்தாலும் மிஸிதான்.

இதெல்லாவற்றையும் உனக்கு மறைத்தேன், ராசா. நீ வேலை முடிந்து வந்து சாப்பிட உட்காரும் நேரம் இங்கே விடிகிற நேரம். அந்த நேரம்தான் நீ போன் எடுப்பாய். அந்த நேரம்தான் வெயிலும் இல்லாமல், பஸ்ஸும் இல்லாமல், தெரு எனக்கென்று கிடக்கும். நீ எடுக்கும்போது நான் தெருக்கரையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று கதைப்பேன். "என்னம்மா, மூச்சு வாங்குது?" என்று கேட்பாய். "கிணத்திலை தண்ணி அள்ளினனான்" என்பேன். ஒருநாள் பின்னால் பஸ் கோன் அடித்தது. "என்ன சத்தம்?" என்றாய். "ராணி வீட்டு ரீவி" என்றேன். கனடாவில் இருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பொய் போதும் என்று நினைத்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்குப் போசனம் கிடைத்தது, ஆனால் அது தொண்டைக்குள் இறங்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டது.

மறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வைகாசியில் உன் கலியாணம். அதற்கு வந்தால் அப்படியே உங்களோடு இருந்துவிட வேண்டும், விசா அலுவல் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொன்னாய். கீழே ஒரு அறை ஒழுங்குபடுத்திப் படம் அனுப்பினாய். நல்ல கட்டில், நல்ல வெளிச்சம். மூலையில் ஒரு சைக்கிள். சில்லு இல்லாத சைக்கிள். "அம்மா, இதிலை நீங்கள் எவ்வளவும் உழக்கலாம், விழமாட்டியள்" என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தை நான் எத்தனை தரம் பார்த்தேன் தெரியுமா? உன் அன்பு முழுவதும் அந்த மூலையில் நின்றது. ஆனால் அந்தச் சைக்கிளில் ஏறிவிட்டால் நான் இறங்கவேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. இதை உனக்கு எப்படிச் சொல்வது? நீ கவலைப்படுவாய். ஆகவே, முதலில் வல்லைவரை ஓடிக்காட்டுவோம், பிறகு சொல்வோம், அப்போது பிள்ளைக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது என்று ஒரு பெரிய திட்டம் போட்டேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்களே, அது வயதும் அறியாது.

தை மாதம், விடிகிற நேரம், அப்பா இன்னும் படுத்திருந்தார். போனை வேண்டுமென்றே மேசையில் விட்டுவிட்டுப் போனேன். அன்றைக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. வல்லை வெளி தொடங்கும் இடம்வரை போய்த் திரும்புவது என்றுதான் எண்ணம். போகப்போக, ராசா, என்ன ஒரு ஓட்டம்! கால் தானாகச் சுற்றியது. நோ இல்லை, களைப்பு இல்லை. வழியோரத்துக் கோவில் முனியப்பருக்கு ஒற்றைக் கையால் ஒரு கும்பிடு போட்டேன். இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்து கிடந்தது, வந்தேறு கொக்குகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. வெளி தொடங்கும் இடத்தில் திரும்பவில்லை. பாலத்தைத் தாண்டினேன். அச்சுவேலிப் பக்கத்து மரங்கள் தெரியும்வரை போனேன். டொக்டருக்குக் கோவிலில் ஒரு அர்ச்சனை செய்விக்கவேண்டும், என்ன கால் வைத்திருக்கிறார் மனிதன் என்று எனக்குள் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு திரும்பினேன். திரும்பின மறு நிமிடம் முகத்தில் அறைந்தது வாடை.

தை மாதத்து வாடை வடகிழக்கில் இருந்து அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? வடமராட்சியில் சைக்கிள் ஓடுகிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காற்றுக்கு எதிரே போய், காற்றோடு வீடு திரும்பவேண்டும் என்பது இங்கே பால்குடியோடு வருகிற புத்தி. மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஓடின எனக்கு அது அன்றைக்கு மறந்துபோனது. காற்று முதுகில் இருந்தால் அது இருப்பது தெரியாது. காற்றின் பலத்தை என் காலின் பலம் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மடைச்சி.

உழக்கினேன். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறியது. சைக்கிள் நின்ற இடத்தில் நிற்பதுபோல இருந்தது. பாலத்தடிக்கு வருமுன்னரே முழங்கால் சுடத் தொடங்கியது. இறங்கினேன். தள்ளிக்கொண்டு நடக்கப் பார்த்தேன், காற்று சைக்கிளையும் என்னையும் சேர்த்துத் தண்ணீர்ப் பக்கம் தள்ளியது. பாலத்தின் ஓரக் கட்டோடு சாய்ந்துகொண்டு நின்றேன். நிழல் இல்லை, வீடு இல்லை. அப்போது ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அம்மா, ஏதும் பிரச்சினையே? ஏத்திக்கொண்டு போய் விடட்டே?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லை அப்பன், சும்மா காத்து வாங்க நிக்கிறன்" என்றேன். வாடைக் காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் காற்று வாங்க நிற்கிறேன்! அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான். உனக்குச் செய்தி சொன்னது அவன் வீட்டு ஆட்களாகத்தான் இருக்கும். அவன் போன பிறகு எனக்குப் பயம் பிடித்தது. நீ வளையில் கட்டிவிட்டுக் கண் கலங்கி நின்றது ஞாபகம் வந்தது. பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம், இந்தச் சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவோம், வைகாசியோடு அந்தக் கீழறையிலேயே இருந்துவிடுவோம் என்று முடிவு எடுத்துவிட்டேன். உண்மையாகவே எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் உடுப்பிட்டிப் பக்கம் இருந்து, காற்றோடு, ஒரு சைக்கிள் பறந்து வந்தது. முன்னால் கூடை வைத்த ஊதா நிறச் சைக்கிள். ராணியுடையது. அதில் இருந்தது உன் அப்பா. சந்திக்குப் போவதற்குக்கூட அயன் பண்ணின சேட்டுத் தேடுகிற மனிதன், படுக்கையால் எழும்பின சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் என் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மூச்சிழுக்கிற தொய்வு வந்த பிறகு அவர் சைக்கிளில் ஏறி எத்தனையோ வருடம். இறங்கி, மடியில் செருகியிருந்த தொய்வுக் குழாயை எடுத்து வாயில் வைத்து இழுத்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? இந்த வாடைக்குள்ளை, உந்தத் தொய்வோடை! ஒரு ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வந்திருக்கலாமே?"

"பிடிச்சிருக்கலாம். நீர் வல்லைப் பக்கம் போனதெண்டு பெடியங்கள் சொன்ன சந்தியிலை ரெண்டு ஓட்டோ நிண்டது."

"பிறகேன்?"

"ஓட்டோவிலை வந்திருந்தால் நீர் ஏறியிருப்பீர்."

"ஏறாமல்?"

"ஏறினால் பிறகு சைக்கிளைத் தொடமாட்டீர். எனக்கு உம்மைத் தெரியாதே?"

நான் அழுதேன், ராசா. அந்த வெளியில் நின்று சத்தம் வைத்து அழுதேன். காற்றில் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னை ஆற்றவில்லை. "மகன் போன் எடுத்தவன். கிணத்தடியிலை நிக்கிறா எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இனியும் பொய் சொல்ல எனக்கு ஏலாது, நீர்தான் உண்மையைச் சொல்லவேணும்" என்றார். பிறகு, "சரி, ஏறும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் எதிர்க்காற்றில் போகும்போது ஒருவர் மற்றவரின் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போவது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீங்கள் எல்லோரும் செய்ததுதான். அதில் நீ ஒருநாள் விழுந்து வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? உன் சிநேகிதன் களைத்துப்போனான் என்று, நீ முதுகில் கை வைக்காமல் அவன் ஹாண்டிலைப் பிடித்து இழுத்திருக்கிறாய். அவன் திருப்ப வேண்டிய பக்கம் திருப்ப முடியாமல் இரண்டு பேரும் மதகுக்குள் விழுந்து, முழங்கை கிழிந்து, ஒன்றரைப் பல்லோடு வீட்டுக்கு வந்தாய். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே நான் ஏசினேன், "உதவி செய்யப் போனவன் ஏன்ரா ஹாண்டிலைப் பிடிச்சனி?" என்று. "விழுந்திடுவான் எண்டு பயந்திட்டன் அம்மா" என்று விம்மினாய். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு ஏச மனம் வரவில்லை.

அப்பா முதுகில் கை வைத்தார். இரண்டு தோளுக்கும் நடுவில், விரித்த கையால். பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. என் சைக்கிள் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கை கூடவே வந்தது. பாலத்தைக் கடந்தோம். அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் நிறுத்தினோம். நின்று, குழாயை இழுத்து, தண்ணீரைப் பார்த்து, பிறகு நான் அவர் முதுகில் கை வைத்தேன். புதுக் காலால் பழைய மனிதரைத் தள்ளினேன். அவருக்கு வெட்கம். "ஆராவது பாத்தால் என்ன நினைக்கும்" என்றார். "பாக்கட்டும்" என்றேன். கொஞ்சம் அவர், கொஞ்சம் நான் என்று மாறி மாறி, எங்களைக் கடந்துபோன பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்க்க, வல்லை வெளியைத் தாண்டினோம். இத்தனை வருடக் குடும்பத்தில் நாங்கள் இப்படி ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு தெருவில் போனது அதுதான் முதல் தரம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். முழங்கால் நீற்றுப் பூசணி மாதிரி வீங்கியது. அப்பா இரண்டு இரவு தலையணையை நிமிர்த்தி வைத்து இருந்துகொண்டே நித்திரை கொண்டார். டொக்டர், சைக்கிள் ஓடலாம், ஆனால் வல்லைக்குப் போகச் சொன்னது யார் என்று ஏசினார். இப்போது வீக்கம் வற்றிவிட்டது. ராணி தன் சைக்கிளின் பிறேக் கட்டையைத் தேய்த்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தாள், அப்பா புதிது மாற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை தொடங்கி நான் திரும்பவும் சந்திவரை போய் வருகிறேன். காற்றைப் பார்த்து, எதிரே போய், அதோடு திரும்புகிறேன்.

கலியாணத்துக்கு வருவோம். கட்டாயம் வருவோம். மருமகளுக்குக் கூறைச் சேலையை நான் என் கையால் எடுத்துக்கொண்டு வருவேன். நீ ஒழுங்குபடுத்தின அறையில் ஒரு மாதம் சந்தோஷமாக இருப்போம். உன் சில்லில்லாத சைக்கிளிலும் ஏறுவேன், அதில் இருந்துகொண்டு உன் மனைவியிடம் உன்னைப் பற்றி இருக்கிற கோள் எல்லாம் சொல்வேன். பிறகு எங்களைத் திரும்ப அனுப்பிவிடு. விசா அலுவலை நிறுத்து, ராசா. உன்னிடம் பாசம் குறைந்து சொல்லவில்லை. உன் குரலைக் கேட்காத நாள் எனக்கு நாளே இல்லை. ஆனால் எனக்கு இன்னும் கொஞ்சத் தூரம் என் காலால் போகவேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையோடு வாழப்போகிற உனக்கும் இதைத்தான் சொல்லுவேன். அவளுக்கு எதிர்க்காற்று அடிக்கிற நாட்கள் வரும். முதுகில் கை வை. ஹாண்டிலைப் பிடிக்காதே.

பயப்படாதே என்று மட்டும் நான் எழுதமாட்டேன். அது பொய், உனக்கு நான் சொன்ன பொய்கள் போதும். இனி விடிய நீ எடுக்கும்போது போனை அப்பா தூக்குவார். கிணற்றடி என்று சொல்லமாட்டார். "உன்ரை அம்மா றோட்டிலை" என்றுதான் சொல்வார். உனக்குப் பயம் பிடிக்கும். பிடிக்கட்டும். அவருக்கும் அன்று பிடித்ததுதான், இல்லாவிட்டால் அந்த மனிதன் சாரத்தோடு படலையைத் தாண்டுவாரா? அவர் நன்றாகப் பயந்தார், ராசா. பயந்துகொண்டுதான் ஓட்டோ பிடிக்காமல் வந்தார்.

உன் அம்மா